மகன் குடிக்கும் பவுடரும் வாரம் ஒரு ஊசியும்: ஒரு தாயின் கேள்விக்கு விளையாட்டு மருத்துவரின் பதில்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. பளுதூக்குதலில் மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் பதக்கம் வாங்கியிருக்கிறான். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ காவல்துறையிலோ வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் குடும்பமே இருக்கிறது. நான்கு மாதங்களாக, பயிற்சிக்கூடத்தில் மூத்த பையன் ஒருவன் கொடுக்கும் லேபிள் இல்லாத டப்பாவிலிருந்து பவுடர் கலந்து குடிக்கிறான். வாரம் ஒருமுறை ‘வைட்டமின் ஊசி’ போட்டுக்கொள்கிறான். எடை கூடியிருக்கிறது, முதுகெல்லாம் பரு, எதற்கெடுத்தாலும் கோபம். கேட்டால், மாஸ்டருக்குத் தெரியும் என்கிறான். ‘எல்லோரும் எடுப்பதுதான், போட்டிக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று மட்டும் டாக்டரிடம் கேள்’ என்கிறார் என் கணவர். ஊக்கமருந்தில் உலகத்திலேயே இந்தியாதான் முதலிடம் என்று செய்தியில் பார்த்தேன். அது உண்மையா, அல்லது நம் பிள்ளைகளைக் குறிவைத்துப் பிடிக்கிறார்களா? அடுத்த மாதம் போட்டி இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?
— ஒரு தாய், வேலூர் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் கேட்கச் சொன்ன கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். எத்தனை நாள் முன்னால் நிறுத்தினால் சோதனையில் தப்பலாம் என்று ஒரு மருத்துவர் கணக்குச் சொன்னால், அந்த நொடியிலேயே அவரும் குற்றத்திற்கு உடந்தையாகிறார். அது ஒருபுறம் இருக்க, டப்பாவிலும் ஊசியிலும் என்ன இருக்கிறது என்றே தெரியாத நிலையில் அப்படியொரு கணக்கை எவராலும் சொல்ல முடியாது. எண்ணெயில் கரைத்துத் தசையில் செலுத்தப்படும் நாண்ட்ரோலோன் போன்ற மருந்துகளின் தடயம் மாதக்கணக்கில் சிறுநீரில் வெளிப்படும். எடுத்த மாதிரியைப் பத்தாண்டுகள் வரை பாதுகாத்து, புதிய முறைகள் வந்தபின் மீண்டும் சோதிக்கவும் விதியில் இடமுண்டு. 2008 பெய்ஜிங், 2012 லண்டன் ஒலிம்பிக் போட்டிகளின் மாதிரிகளைப் பல ஆண்டுகள் கழித்து மறுபடி சோதித்தபோது, பதக்கங்களைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தவர்களில் பல நாடுகளின் பளுதூக்குவோரே மிகுதி. போட்டிக்கு முன்னால் நிறுத்திவிட்டால் போதும் என்று உங்கள் மகனின் பயிற்சிக்கூடத்தில் பேசிக்கொள்பவர்கள் இதை அறிந்து பேசுவதாகத் தெரியவில்லை.

நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை வைத்து மட்டும் முடிவு கட்டிவிடக் கூடாது. பத்தொன்பது வயதில் பருவும் வரும், கோபமும் வரும், நன்றாகச் சாப்பிட்டுப் பயிற்சி செய்தால் எடையும் கூடும். ஆனால் இவை மூன்றும் நான்கு மாதத்திற்குள் ஒன்றாக வந்திருக்கின்றன. கூடவே பெயர் தெரியாத ஊசியும் இருக்கிறது. இந்த நிலையில், தசையைப் பெருக்கும் ஹார்மோன் மருந்தான அனபாலிக் ஸ்டீராய்டு என்ற ஐயம்தான் எந்த விளையாட்டு மருத்துவருக்கும் முதலில் எழும். ஒன்றைக் கவனியுங்கள்: நன்றாகச் சாப்பிடும் ஓர் இளைஞனுக்கு வாரந்தோறும் வைட்டமின் ஊசி போட வேண்டிய மருத்துவத் தேவை அநேகமாக எதுவுமே இல்லை. தேவையில்லாத ஊசி ஒன்று வாராவாரம் தவறாமல் போடப்படுகிறது என்றால், அதில் வைட்டமினைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது என்று கொள்வதே பாதுகாப்பானது.

இனி, நீங்கள் செய்தியில் பார்த்த விஷயத்திற்கு வருகிறேன். அது உண்மைதான். ஆனால் எந்த அளவுகோலில் முதலிடம் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடா வெளியிடும் ஆண்டுக் கணக்கில், 2022-இல் இந்தியாவில் 3,865 மாதிரிகள் சோதிக்கப்பட்டு, அவற்றில் 125-இல் தடைசெய்யப்பட்ட பொருள் காணப்பட்டது. அது 3.2 சதவீதம். 2,000 மாதிரிகளுக்கு மேல் சோதித்த நாடுகளுள் அதுவே மிக உயர்ந்த விகிதம். அடுத்த ஆண்டு 5,606 மாதிரிகள் எடுக்கப்பட்டன, விகிதம் 3.8-க்கு ஏறியது. 2024-இல் மாதிரிகள் 7,113 ஆயின, சிக்கியவை 260, விகிதம் 3.6. இதே காலத்தில் சீனா ஓராண்டில் ஏறத்தாழ 28 ஆயிரம் மாதிரிகளைச் சோதித்திருக்கிறது, அங்கே விகிதம் 0.2-ஐ ஒட்டியே நிற்கிறது.

சோதனையை அதிகப்படுத்தினோம், அதனால் அதிகம் பேர் சிக்கினார்கள் என்பது நம் அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் விளக்கம். சிக்கியவர்களின் எண்ணிக்கை கூடியதற்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் மாதிரிகள் கிட்டத்தட்ட இரு மடங்கான பிறகும் நூற்றுக்கு இத்தனை பேர் என்ற விகிதம் பெரிதாக இறங்காததற்கு அந்த விளக்கம் போதாது. சந்தேகத்துக்கு இடமான விளையாட்டுகளையும் போட்டிகளையும் தேர்ந்தெடுத்துச் சோதிக்கிறோம் என்ற இன்னொரு விளக்கத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. அது சரியென்றாலும், தேடிப்போகும் இடத்திலெல்லாம் அகப்படுகிறது என்றுதானே பொருள்? மருத்துவ அனுமதியோடு எடுத்தவர்களும் இந்தக் கணக்கில் சேர்வார்கள் என்பதால், எண்ணை அப்படியே குற்றவாளிகளின் எண்ணிக்கையாகப் படிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எப்படிக் கழித்துப் பார்த்தாலும், நம் பிள்ளைகளை வெளிநாட்டார் குறிவைக்கிறார்கள் என்ற எண்ணத்திற்கு இதில் ஆதாரம் இல்லை. இந்தக் கணக்கில் வரும் மாதிரிகளில் பெரும்பகுதியை எடுப்பது நம்முடைய தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடாதான்.

உங்களுக்கு இந்த நாட்டுக் கணக்கைவிட, எந்த விளையாட்டில், எந்தப் படிநிலையில் சிக்குகிறார்கள் என்பதே முக்கியம். விதிமீறல் உறுதியானவர்களை மட்டும் எண்ணும் வாடாவின் 2019-ஆம் ஆண்டு அறிக்கையில் ரஷ்யாவுக்கும் இத்தாலிக்கும் அடுத்து மூன்றாவது இடத்தில் 152 விதிமீறல்களோடு இந்தியா இருந்தது. அவற்றுள் ஆணழகன் போட்டிகளில் 57, பளுதூக்குதலில் 25, தடகளத்தில் 20, மல்யுத்தத்தில் 10. உடல் வலிமையை நேரடியாகக் கூட்டித் தரும் மருந்து எங்கே பயன்படுமோ அங்கேதான் கூட்டம் சேர்ந்திருக்கிறது. உங்கள் மகனின் விளையாட்டு அந்த வரிசையில் இரண்டாவது.

பளுதூக்குதலுக்கு இது நேற்று வந்த நோயன்று. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நம் நாட்டைச் சேர்ந்த இரண்டு பெண் பளுதூக்குவோர் சோதனையில் சிக்கினர். 2009-இல் ஒரே ஆண்டில் பலர் சிக்கியதால், 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் சொந்த மண்ணிலேயே இந்திய அணி பங்கேற்க முடியாமல் போகும் நிலை வந்து, சர்வதேச சம்மேளனம் விதித்த ஐந்து லட்சம் டாலர் அபராதத்தைக் கட்டித்தான் வெளியே வர முடிந்தது. ஆடவர், மகளிர், மூத்தோர், இளையோர் என்ற வேறுபாடு இல்லாமல் இந்தச் சிக்கல் தலைமுறை தாண்டி வந்திருக்கிறது. மருந்தை வாங்கித் தருபவர்களும் ஊசி போடுபவர்களும் பயிற்சிக்கூடங்களின் ஓரத்தில் நிலையாக இருக்க, அவர்களிடம் வந்து போகும் பிள்ளைகள் மட்டும் மாறிக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம் என்பது என் கருத்து.

பத்திரிகைகளில் பெயர் வருவது ஒலிம்பிக் அளவிலான வீரர்களுடையது என்பதால், ஊக்கமருந்து என்றால் உச்சியில் இருப்பவர்களின் பிரச்சினை என்று பலர் எண்ணுகிறார்கள். நம் நாட்டில் அது கீழ்ப்படிகளிலும் ஆழமாக வேர்விட்டிருக்கிறது. மாநிலப் போட்டி, பல்கலைக்கழகப் போட்டி, தேசிய இளையோர் போட்டி ஆகியவற்றில் கிடைக்கும் ஒரு சான்றிதழ், கல்லூரியில் இடமாகவும் ரயில்வே, காவல்துறை, ராணுவம் போன்றவற்றில் நிரந்தர வேலையாகவும் மாறக்கூடியது. மூன்றாவது இடத்துக்கும் நான்காவது இடத்துக்கும் நடுவில் இருக்கும் இரண்டு கிலோவில் ஒரு குடும்பத்தின் முப்பதாண்டு வருமானம் அடங்கியிருக்கிறது. உலகப் போட்டியைக் கனவில்கூடக் காணாத ஒரு பையன் ஊசிக்குக் கையை நீட்டுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. உங்கள் கடிதத்தின் மூன்றாவது வரியிலேயே அந்தக் காரணம் இருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் அந்த வேலையைப் பற்றி எவ்வளவு பேசுகிறீர்கள், எப்படிப் பேசுகிறீர்கள் என்பதைத் தயவுசெய்து ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

கீழ்ப்படிகளில் நிலைமை எப்படி இருக்கிறது என்பதற்கு 2023 செப்டம்பரில் டெல்லியில் நடந்த மாநிலத் தடகளப் போட்டியே போதும். ஜவாஹர்லால் நேரு மைதானத்தின் கழிப்பறையில் பயன்படுத்திய ஊசிகள் கிடப்பதைக் காட்டும் காணொளி பரவியது. நாடா அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்ற செய்தி எட்டியதும் போட்டியாளர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். ஆடவர் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் கோட்டில் வந்து நின்றவர் ஒரே ஒருவர். தனியாக ஓடி, தனியாக முடித்தார். இளையோர் தடையோட்டத்தில் ஓடிய பெண் ஒருவர், முடிவுக்கோட்டைத் தாண்டிய பின்னும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்ததாகவும், மாதிரி எடுக்க வந்த அதிகாரி பின்னாலேயே ஓட நேர்ந்ததாகவும் செய்திகள் வந்தன. சிரிப்பதா அழுவதா என்று தெரியாத காட்சி அது. அது சர்வதேசப் போட்டியன்று, ஒரு மாநிலத்தின் போட்டி என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

சிக்கும் பொருள்களைப் பார்த்தால் இரண்டு தனித்தனி வகைகள் தெரிகின்றன. முதலாவது, தெரிந்தே எடுக்கப்படும் ஸ்டீராய்டுகள்: ஸ்டானோசோலால், மெத்தண்டியனோன், நாண்ட்ரோலோன், ட்ரோஸ்டனோலோன். இவை பல பத்தாண்டுகளுக்கு முன்பே வந்த மருந்துகள். ஆய்வுக்கூடங்கள் எளிதாகக் கண்டுபிடிக்கக் கூடியவை, விலை மலிவானவை. எளிதில் காட்டிக்கொடுக்கும் இந்தப் பழைய மருந்துகளே இங்கே இன்னும் மிகுதியாக அகப்படுகின்றன என்பதிலிருந்தே, இதன் பின்னால் நுட்பமான அறிவியல் எதுவும் இல்லை என்பதும், மருந்துக் கடைக்கும் ஜிம்முக்கும் இடையில் நடக்கும் அரைகுறைக் கைவைத்தியமே இது என்பதும் விளங்கும். இதோடு மெஃபென்டர்மின் என்ற ஊக்கியைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சையின்போது இரத்த அழுத்தம் இறங்கினால் அதை உயர்த்துவதற்காக மயக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் ஊசி அது. கபடி வட்டாரங்களிலும் ஜிம்களிலும் அதைக் களைப்புத் தெரியாமல் இருக்கப் போட்டுக்கொள்ளும் பழக்கம் பரவியிருக்கிறது. இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி உயிருக்கே உலை வைக்கக்கூடியது.

இரண்டாவது வகை, அறியாமையால் நேர்வது. 2019 பிப்ரவரியில் இந்தூரில் உள்ளூர் டி20 தொடரின்போது கொடுத்த மாதிரியில் கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷாவுக்கு டெர்புடலைன் என்ற தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது. கடையில் வாங்கிக் குடித்த இருமல் மருந்தில் அது இருந்ததாக அவர் விளக்கினார். விளக்கம் ஏற்கப்பட்டும் எட்டு மாதத் தடை விழுந்தது. நம் ஊர் மருந்துக் கடைகளில் கிடைக்கும் பல இருமல் மருந்துகளில் இந்தப் பொருள் இருக்கிறது. இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். உடம்பு அசதியாக இருக்கிறது என்றால் தெருமுனை கிளினிக்கில் படுக்கவைத்து ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிடுவது நமக்குச் சாதாரணம். பன்னிரண்டு மணி நேரத்திற்குள் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியாக எதை ஏற்றினாலும், மருத்துவமனைச் சிகிச்சையின் பகுதியாக இல்லாதபட்சத்தில், அது வெறும் குளுக்கோஸாக இருந்தாலும் விதிமீறல்தான். உங்கள் மகனைத் திடலில் அல்லாமல் கிளினிக்கில் வைத்தும் தடை தேடி வரலாம் என்பதை அவனுக்குச் சொல்லி வையுங்கள்.

‘மாஸ்டருக்குத் தெரியும்’ என்று உங்கள் மகன் சொல்லியிருப்பதுதான் கடிதத்திலேயே என்னை அதிகம் கவலைப்பட வைத்த வரி. மாஸ்டருக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும், உடலில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு என்பதே ஊக்கமருந்து விதிகளின் அடித்தளம். யார் கொடுத்தார், எதற்குக் கொடுத்தார், நம்பித்தான் குடித்தேன் என்பதெல்லாம் தண்டனையின் அளவைப் பேசும்போதுதான் எடுபடும். அங்கும் எளிதில் எடுபடுவதில்லை. 2011-இல் பாட்டியாலாவின் தேசியப் பயிற்சி மையத்தோடு தொடர்புடைய ஓட்ட வீராங்கனைகள் ஆறு பேர் அடுத்தடுத்துச் சிக்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு காமன்வெல்த் போட்டியிலும் ஆசியப் போட்டியிலும் 4×400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற அணியினரும் அவர்களுள் இருந்தனர். உக்ரைனைச் சேர்ந்த பயிற்சியாளர் சீனாவிலிருந்து வாங்கி வந்து கொடுத்த ஜின்செங் மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருந்தது என்று வாதிட்டார்கள். பயிற்சியாளர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். உள்நாட்டுக் குழு வீராங்கனைகளிடம் இரக்கம் காட்டி ஓராண்டுத் தடையோடு நிறுத்தியது. விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றமோ 2012-இல் அதை இரண்டாண்டாக உயர்த்தியது. பயிற்சியாளர் கொடுத்ததைக் கேள்வி கேட்காமல் விழுங்கியதே குற்றம் என்றுதான் அந்தத் தீர்ப்பை நான் புரிந்துகொள்கிறேன். 2016-இல் மல்யுத்த வீரர் நர்சிங் யாதவ், தம் உணவில் வேறொருவர் மருந்து கலந்துவிட்டதாகச் சொன்னதை நாடாவின் குழு ஏற்று விடுவித்தது. ரியோவில் அவர் களமிறங்கும் தருவாயில் அதே நடுவர் மன்றம் அவருக்கு நான்காண்டுத் தடை விதித்தது. நம் ஊரில் பரிதாபத்தின் பேரில் கிடைக்கும் விடுதலை மேல்முறையீட்டில் நிற்பதில்லை.

தமிழ்நாட்டிலும் இதற்கு உதாரணம் இல்லாமல் இல்லை. திருச்சிக்கு அருகே ஓர் எளிய குடும்பத்திலிருந்து வந்து, 2019 ஏப்ரலில் தோஹாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் தங்கம் வென்ற கோமதி மாரிமுத்துவை நாடே கொண்டாடியது. சில வாரங்களிலேயே நாண்ட்ரோலோன் வகை ஸ்டீராய்டின் தடயம் அவர் மாதிரிகளில் இருந்தது தெரியவந்து, பதக்கமும் போய், நான்காண்டுத் தடையும் வந்தது. தாம் தவறு செய்யவில்லை என்றே அவர் சொன்னார். இதில் என்னை உறுத்துவது வேறொன்று. மார்ச் மாதம் பாட்டியாலாவில் நடந்த தேசியப் போட்டியில் எடுத்த மாதிரியிலேயே அந்தத் தடயம் இருந்திருக்கிறது. அந்த முடிவு உரிய நேரத்தில் வந்திருந்தால் அவர் தோஹாவுக்கே போயிருக்க மாட்டார், ஊரே கூடி மாலை போட்ட பிறகு இப்படித் தலைகுனிய நேர்ந்திருக்காது. அதே ஆண்டு ஆகஸ்டில் டெல்லியில் உள்ள தேசிய ஊக்கமருந்து ஆய்வுக்கூடத்தின் அங்கீகாரத்தைத் தரக்குறைவு காரணமாக வாடா நிறுத்திவைத்தது. அது திரும்பக் கிடைக்க 2021 டிசம்பர் ஆயிற்று.

அமைப்புகளும் தவறுகின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. பளுதூக்கும் வீராங்கனை சஞ்சிதா சானு மீது 2018-இல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு, மாதிரி எண்ணில் நேர்ந்த குளறுபடி உள்ளிட்ட கோளாறுகளால் 2020-இல் கைவிடப்பட்டது. அதற்குள் இரண்டு ஆண்டுகள் கரைந்துவிட்டன. பின்னர் வேறொரு சோதனையில் அவருக்கு நான்காண்டுத் தடை வந்தது என்பது தனிக்கதை. சோதனை முடிவை எதிர்த்து, அதே சிறுநீரில் தனியே பிரித்து மூடி வைத்த இரண்டாவது பாட்டிலான ‘பி’ மாதிரியைத் திறக்கக் கோரவும், விசாரணைக் குழுவின் முன் வழக்கறிஞரோடு வாதிடவும், மேல்முறையீடு செய்யவும் ஒவ்வொரு வீரருக்கும் உரிமை உண்டு. ஆனால் இந்த உரிமைகளைப் பயன்படுத்த ஆதாரம் வேண்டும். லேபிள் இல்லாத டப்பாவை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது.

ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, அந்த டப்பாவையும் ஊசி மருந்தின் காலிக் குப்பியையும் கையகப்படுத்துவது. தூக்கி எறியாதீர்கள், கோபத்தில் கழிவறையில் கொட்டியும் விடாதீர்கள். குப்பியின் மேல் இருக்கும் பெயர், தயாரிப்பு எண், காலாவதித் தேதி ஆகியவை தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். யார், எப்போது, எவ்வளவு பணத்துக்குக் கொடுத்தார் என்பதை மகனிடம் கேட்டு ஒரு தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். கேட்கும்போது, வேலை போய்விடுமே என்று தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கினால் அவன் வாயைத் திறக்க மாட்டான். அவன் உடம்பைப் பற்றிக் கேட்பது நல்ல தொடக்கம்.

அடுத்தது மருத்துவமனை. பவுடரும் ஊசியும் இன்றோடு நிற்க வேண்டும். ஆனால் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்திருந்தால், உடல் தானாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஒடுங்கிப் போயிருக்கும். நிறுத்திய பின் சில வாரங்கள் சோர்வு, தூக்கமின்மை, கடும் மனத்தளர்ச்சி ஆகியவை வரலாம். அந்தக் காலத்தில் அவனைத் தனியே விடக் கூடாது, அந்தச் சோர்வைப் பார்த்துப் பயந்து அவன் மீண்டும் ஊசிக்குத் திரும்பவும் கூடாது. வேலூரில் இருக்கும் நீங்கள் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைத் தேடி வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. கல்லீரல், கொழுப்பு, ஹார்மோன் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையும், இரத்த அழுத்தமும், இதயத்துக்கான எக்கோவும் பார்த்துவிடுங்கள். பொதுவிடங்களில் ஊசியைப் பகிர்ந்திருக்க வாய்ப்புண்டு என்பதால் மஞ்சள் காமாலை வைரஸ்களுக்கும் எச்ஐவிக்கும் சோதனை செய்யச் சொல்லுங்கள். பயிற்சிக்கூடங்களில் ஒரே மருந்துப் பாட்டிலில் பலர் ஊசியை நுழைத்து எடுப்பது நடக்கிறது. மருத்துவரிடம் எதையும் மறைக்க வேண்டாம். இனி எந்த நோய்க்கு எந்த மருத்துவரிடம் போனாலும், ‘நான் போட்டிகளில் கலந்துகொள்பவன், ஊக்கமருந்து விதிக்கு உட்பட்டவன்’ என்று சொல்லும் பழக்கத்தை மகன் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். மருந்துகளைச் சரிபார்க்க நாடாவின் ‘நோ யுவர் மெடிசின்’ செயலி இருக்கிறது. ஆஸ்துமா போன்ற உண்மையான தேவைக்குத் தடைப்பட்ட மருந்து வேண்டுமானால் முன்கூட்டியே மருத்துவ விலக்குக்கு விண்ணப்பிக்கலாம்.

புரோட்டீன் பவுடர் தேவையா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். முட்டை, பால், பருப்பு, சுண்டல், மீன், கோழி ஆகியவற்றில் அவனுடைய தேவையை நிறைவு செய்ய முடியும். டப்பாவில் உணவுப் பாதுகாப்புத் துறையின் உரிம எண் இருந்தால் அது விற்பனைக்கு அனுமதி பெற்றது என்று மட்டுமே பொருள், தடைப்பட்ட பொருள் கலக்கவில்லை என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. வாங்கியே தீர வேண்டும் என்றால், ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியும் தனியே சோதிக்கப்பட்டதற்கான முத்திரை உள்ளதை ரசீதோடு வாங்கி, டப்பாவைக் காலியான பின்னும் சில மாதங்கள் வைத்திருங்கள்.

கொடுத்தவர்களைப் பற்றி: அந்த மூத்த பையனையோ மாஸ்டரையோ இப்போதே போய்ச் சண்டைக்கு இழுக்க வேண்டாம். மாஸ்டருக்கு உண்மையிலேயே எதுவும் தெரியாமல்கூட இருக்கலாம். ஆனால் பிறருக்கு ஊக்கமருந்து செலுத்துவதும் விற்பதும் வீரர் எடுப்பதைவிடப் பெரிய குற்றம். அதற்கு நான்காண்டு முதல் ஆயுள் வரை தடை விதிக்கலாம். நாடாவிடமோ, வாடாவின் ‘ஸ்பீக் அப்’ தளத்திலோ பெயர் வெளிவராமல் தகவல் தரலாம். சோதனை அறிவிப்பு வருவதற்கு முன்பே ஒரு வீரர் தானே முன்வந்து ஒப்புக்கொண்டால் தடைக்காலம் பாதி வரை குறையவும், மற்றவர்களைப் பிடிக்க உதவும் தகவலைத் தந்தால் அதற்கும் மேலாக ஒரு பகுதி நிறுத்திவைக்கப்படவும் விதியில் வழி இருக்கிறது. அதைச் செய்வதா வேண்டாமா என்பதை, இந்தத் துறை தெரிந்த வழக்கறிஞர் ஒருவரோடு உட்கார்ந்து நீங்களும் மகனும் முடிவு செய்ய வேண்டும். கடிதம் வழியாக நான் சொல்லக்கூடியது அன்று. குப்பியில் இருப்பது ஸ்டீராய்டு என்று உறுதியானால் அந்த ஆலோசனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

அடுத்த மாதப் போட்டிக்கு அவனை அனுப்ப வேண்டாம் என்பதே என் கருத்து. இரத்த அழுத்தமும் இதயமும் எப்படி இருக்கின்றன என்று தெரியாமல் அதிகபட்ச எடையைத் தூக்குவது மருத்துவ ரீதியாகவே ஆபத்தானது, இந்த ஒரு காரணமே போதும். போட்டியிலிருந்து விலகினால் மட்டும் சோதனை வராது என்றும் எண்ண வேண்டாம். பயிற்சிக்கூடத்துக்கும் வீட்டுக்கும்கூட அதிகாரிகள் வரலாம். அப்படி வந்தால் ஓடவோ, மறுக்கவோ, சாக்குச் சொல்லவோ கூடாது. மாதிரி தர மறுத்த குற்றத்திற்காகவே மல்யுத்த வீரர் பஜ்ரங் புனியாவுக்கு 2024-இல் நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது. மறுப்பதற்கும் ஸ்டீராய்டு எடுத்ததற்கும் தண்டனை ஒன்றே. அறிவிப்பைக் கையெழுத்திட்டு வாங்கிய நொடியிலிருந்து அதிகாரியின் கண்ணெதிரிலேயே இருக்க வேண்டும். உறை பிரியாத பெட்டிகளில் ஒன்றை அவனே தேர்ந்தெடுத்து, 90 மில்லிக்குக் குறையாமல் தந்த சிறுநீரை ‘ஏ’, ‘பி’ என்ற இரண்டு பாட்டில்களிலும் அவனே ஊற்றி மூடி, பாட்டில் எண்ணும் படிவ எண்ணும் ஒன்றா என்று தானே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கடைசியாகப் படிவத்தில், கடந்த ஏழு நாள்களில் உட்கொண்ட மருந்துகளையும் சப்ளிமெண்டுகளையும் எழுதச் சொல்லும் கட்டம் ஒன்று வரும். பெரும்பாலான பிள்ளைகள் அதில் ‘மல்டிவைட்டமின்’ என்று ஒரு சொல்லை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். பிறகு பவுடரில் கலந்திருந்தது என்று வாதாடும்போது, அன்றைக்கே ஏன் எழுதவில்லை என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருப்பதில்லை. அந்த ஏழு நாள்களுக்குள் எடுத்தது இருமல் மருந்தாக இருந்தாலும், பெயர் தெரியாத பவுடராக இருந்தாலும், ஊசியாக இருந்தாலும், உள்ளது உள்ளபடி அந்தக் கட்டத்தில் எழுதிவிட்டு, படிவத்தின் நகலை அங்கேயே கேட்டு வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.